தின்ன உதவாத மீன்

ஆம்பூருக்குப் போனேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, பிரியாணி எப்படி என்பதுதான். நான் பிரியாணி தின்னப் போகவில்லை. என் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வரப் போனேன்.

எனக்கு ஊர் வவுனியாப் பக்கம், குளத்தங்கரை. குளத்து மீன் விற்கிறேன். பரமண்ணன் சண்டைக் காலத்தில் பெண்சாதியோடு மன்னாருக்குப் போய், அங்கிருந்து வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனவர். ஆறு மாதத்தில் வந்துவிடுவேன் என்றார். முப்பது வருடத்துக்கும் மேலாகிவிட்டது. ஆம்பூருக்குப் பக்கத்து அகதி முகாமிலேயே பெண்சாதியும் செத்துப் போனார். இந்த முறை எப்படியோ அலைந்து திரும்பி வருவதற்கான அனுமதியை எடுத்துவிட்டார். "தனிய வர ஏலாது யோகம், நீ வந்து கூட்டிப் போ" என்று போனில் சொன்னார். அவர் பங்குக் காணியைத் துப்புரவாக்கி, ஒரு அறையும் கக்கூசும் கட்டி, கதவுக்கு நீலச் சாயம் பூசிவிட்டுத்தான் நான் புறப்பட்டேன்.

சென்னையில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிட்டேன். கண் விழித்தபோது எதிரே இருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். ஆம்பூர் வந்துவிட்டதா என்றேன். "இன்னாம்மா நீ, ஆம்பூரு எப்பவோ போய்டுச்சு. இது ஜோலார்பேட்டை" என்றார். எழுப்பியிருக்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். "நீ எங்க போறன்னு எனக்கு எப்டிம்மா தெரியும்?" என்று கேட்டார். நியாயம்தான். ஆனாலும் கோபம் போகவில்லை.

திருப்பத்தூரிலிருந்து வேலூர் போகும் பஸ் ஒன்றில் திரும்பி வந்தேன். கண்டக்டர் என்னை ஊருக்குள் விடவில்லை. நெடுஞ்சாலைப் பாலத்தடியில் இறக்கிவிட்டு, "உள்ள போவாதும்மா, ஆட்டோ புடிச்சுக்கோ" என்று விசில் அடித்துவிட்டுப் போய்விட்டான். ஆட்டோவில் ஏற்கெனவே ஆறேழு பெண்கள் மடியில் சாப்பாட்டுப் பையோடு இருந்தார்கள், எல்லாரும் ஷூ கம்பெனி வேலைக்காரர்கள். நெருக்கி உட்கார்ந்து எனக்கு இடம் தந்தார்கள். தோல் நாற்றம் அங்கேதான் முதலில் அடித்தது. எனக்கு மீன் நாற்றம் பழக்கம். இது வேறு. சுண்ணாம்பும் ஈரமும் ஏதோ மருந்தும் சேர்ந்து தொண்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தப் பெண்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்கு அது நாற்றமே இல்லை.

லாட்ஜில் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் அறை இல்லை என்றார்கள். "ஃபாரினருக்கு நாங்க ரூம் தர்றதில்லம்மா. அப்புறம் போலீஸ், கேள்வி, ஒரே பேஜாரு."

"நான் தமிழிலதானே கதைக்கிறன்?"

"தமிழ் பேசினா ஆச்சா? பாஸ்போர்ட்டு வேற ஊரு தானே? வேலூருக்குப் போ. ஆஸ்பத்திரி இருக்கிறதால அங்க எல்லா தேசத்துக்காரனும் தங்குவான்."

முகாமில் தங்க எனக்கு அனுமதி கிடையாது. ஆகவே அண்ணனுக்குப் போனில் நடந்ததைச் சொல்லிவிட்டு வேலூருக்கே போனேன். ஆஸ்பத்திரிக்கு எதிர்ச் சந்தில் கடைப் பலகை எல்லாம் வங்காளி எழுத்து. ஆட்கள் எல்லாரும் கையில் எக்ஸ்ரே உறையோடு நடக்கிறார்கள். பக்கத்து அறை அம்மா என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எனக்கு என்ன நோய் என்று கேட்கிறார் என்று லாட்ஜ் மேனேஜர் சொன்னார். நோய் ஒன்றும் இல்லை, அண்ணனைப் பார்க்க வந்தேன் என்றேன். மேனேஜர் அதை அவர் மொழியில் சொன்னதும் அந்த அம்மா முகம் வாடி, அண்ணனுக்கு என்ன நோய் என்று கேட்டார்.

மறுநாள் காலை ஆம்பூர்ப் பாலத்தடியில் அண்ணன் நின்றார். போட்டோவில் பார்த்ததைவிட மெலிவு. கழுத்தில் துண்டு. ஒரு கையில் இரண்டு விரல் வீங்கிக் கிடந்தது. நான் அழத் தயாராக வந்தேன். அவர், "வந்துட்டியா? இன்னா, ஜோலார்பேட்ட போய்ட்டியாமே?" என்று சிரித்தார். எனக்கு அழுகை நின்றுவிட்டது. எங்கள் ஊரில் "வந்திட்டியே" என்போம். இவர் "இன்னா" என்கிறார். என் அண்ணன் முகத்தில் வேறு யாரோ பேசுவதுபோல இருந்தது.

பிரியாணிக் கடைக்குக் கூட்டிப் போனார். சீரகச் சம்பா அரிசி, சின்னச் சின்னதாய். பக்கத்தில் புளிப்பாய்க் கத்தரிக்காய். நல்ல ருசிதான், பொய் சொல்லக் கூடாது. பக்கத்து மேசையில் இரண்டு பேர் உருதுவில் பலத்த ஆலோசனை பண்ணிக்கொண்டிருந்தார்கள். தோல் ஏற்றுமதியைப் பற்றி என்று நினைத்தேன். அண்ணன் மெல்லச் சொன்னார்: "பொண்ணுக்கு மாப்ள பாக்குறாங்க. பையன் துபாய்ல இருக்கானாம், நல்ல வேலையாம், தலைல முடிதான் கம்மியாம். முடிய வெச்சு குடும்பமா நடத்தப் போறான்னு இவரு கேக்குறாரு." அண்ணனுக்கு உருதுகூடத் தெரிகிறது.

"ஞாயிற்றுக்கிழமை பிளேன். சாமான் கட்டியாச்சே?" என்று கேட்டேன்.

"கட்டிடலாம். அதுக்கு முன்ன ஏரில ஒரு வேல இருக்கு. அத முடிச்சுட்டுதான் கெளம்பணும்."

என்ன வேலை என்று அவர் அங்கே சொல்லவில்லை. கூட்டிப் போய்க் காட்டினார்.

முகாம் ஏரிக் கரைக்குக் கீழே இருக்கிறது. வீட்டு வாசலில் நின்று அண்ணாந்தால் கரை தெரியும். நாங்கள் குளம் என்பதை இவர்கள் ஏரி என்கிறார்கள். எங்களுக்குக் குளம் நிரம்பினால் வான் பாயும். இவர்களுக்குக் கோடி போகும். எது போனாலும் தண்ணீர்தான். ஆனால் நான் போனது நல்ல கோடை. தண்ணீர் நடுப்பள்ளத்துக்கு ஒடுங்கிவிட்டது. சுற்றிலும் வெடித்த சேறு. கரையின் உள் பக்கம் முழுக்க, கை நுழையும் அளவு ஓட்டைகள். எலி வளை என்று நினைத்தேன்.

"எலி இல்ல. மீனு" என்றார் அண்ணன்.

சேற்றில் ஒன்றைக் காலால் புரட்டிக் காட்டினார். கறுப்பு. உடம்பு முழுக்க ஓடு மாதிரிக் கடினம், ஓட்டில் புள்ளி. வாய் வயிற்றுப் பக்கம், உறிஞ்சி ஒட்டிக்கொள்கிற வட்ட வாய். செட்டையெல்லாம் முள். வெயிலில் காய்ந்து கிடந்தது, செத்தது என்று நினைத்தேன். புரட்டியதும் வாயை அசைத்தது. டேங்க் கிளீனர் என்று பெயர். கண்ணாடித் தொட்டியில் பாசி தின்பதற்காகக் கடையில் வாங்கி விடுவார்களாம். தொட்டியில் விரல் அளவு, ஏரியில் முழங்கை நீளம். கரையைத் துளைத்து வளைக்குள் முட்டை இடும். மற்ற மீனின் முட்டை, பாசி, எல்லாவற்றையும் வழித்துத் தின்னும். வலையில் சிக்கினால் வலையை அறுத்துத்தான் எடுக்க வேண்டும். அண்ணன் விரல் வீங்கியதும் இதன் முள்ளால்தான்.

இது போதாதென்று ஆப்பிரிக்கக் கெளுத்தி வேறு. அதை வளர்க்கக் கூடாது என்று தடை இருக்கிறதாம். ஆனாலும் யாரோ ஒளித்துக் குட்டை வெட்டி, கோழிக் கழிவும் தோலில் சுரண்டும் சவ்வும் போட்டு வளர்த்திருக்கிறார்கள். பெருமழையில் குட்டை உடைந்து எல்லாம் ஏரிக்கு வந்துவிட்டது. பன்றி மாதிரித் தின்னும் மீன். விரால், நாட்டுக் கெளுத்தி, அயிரை, இருந்ததெல்லாம் போய்விட்டது. தண்ணீர் ஒடுங்கிய இந்த நேரத்தில் இரண்டு சாதியையும் வழித்து எடுத்துக் குழியில் புதைக்க வேண்டும் என்று மீன்துறையில் சொல்லியிருக்கிறார்கள். அதுதான் அண்ணனின் வேலை.

"கூலி வேலைதானே? வேற ஆள் செய்யட்டும்" என்றேன்.

அண்ணன் கரை ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏரியைக் குத்தகைக்கு எடுத்திருப்பவர் சலீம் பாய். மருதாணி போட்டுச் சிவந்த தாடி, பெரிய குரல். என்னைப் பார்த்ததும், "இன்னாம்மா சிலோன், எங்க பரமாவத் தூக்கிட்டுப் போக வந்துட்டியா? அவன் போய்ட்டா எனக்கு வலைக்கு யாரு?" என்றார். வேறு ஆள் பாருங்கள் என்றேன். "பாத்துட்டேன். அவனுங்க செல்போன் பாத்துட்டே வலை இழுக்குறானுங்க. மீனு அவனுங்களப் பாத்து சிரிக்குது" என்றார்.

அடுத்த நாள் வலை இழுத்தார்கள். நானும் கரையில் நின்றேன். எங்கள் குளத்தில் வலை இழுத்தால் ஒரு சந்தோஷச் சத்தம் இருக்கும். இங்கே சத்தமே இல்லை. வலை மேலே வர வரக் கறுப்பு, மேலும் கறுப்பு. ஓட்டோடு ஓடு உரசி ஒரு கரகரப்பு. மீன்துறை அதிகாரி ஒருவர் தொப்பி போட்டு நின்று, இது இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம் என்று கை காட்டினார். உள்நாட்டு மீன் தண்ணீர் நிரப்பிய டிரம்முக்கு. அயல்நாட்டு மீன் குழிக்கு. குழியில் சுண்ணாம்பு.

இத்தனை பேர் இத்தனை வருடம் என்ன செய்தீர்கள், அப்போதே கொன்றிருந்தால் இப்படிப் பெருகியிருக்குமா என்று சலீம் பாயைக் கேட்டேன். நான் கேட்ட விதத்தில் மரியாதை இல்லை. அவர் கோபிக்கவில்லை.

"வலைல வரும்மா. வித்தா வாங்க மாட்டான், காக்காகூடத் தொடாது. திங்காத உசுர எதுக்குக் கொல்றதுன்னு திருப்பித் தண்ணிலயே போட்டுட்டோம். எங்க அத்தா காலத்துலேருந்து அப்படித்தான். திங்குறதுக்குன்னா அறுக்கலாம். சும்மா சாவடிச்சா பாவம்."

இரக்கப்பட்டே ஏரியை அழித்திருக்கிறார்கள். நான் இதுபோல ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை.

அப்போது ஒரு கூடை ஜிலேபி வந்தது. திலேப்பியாவுக்கு இங்கே அந்தப் பெயர். எங்களிடம் ஜப்பான் மீன். எனக்குச் சோறு போடுகிற மீன். அதிகாரி, அதுவும் அயல்நாட்டு மீன்தான், குழிக்குப் போக வேண்டும் என்றார். அவ்வளவுதான், அதுவரை சும்மா நின்ற கூட்டம் கத்த ஆரம்பித்துவிட்டது.

"சார், ஜிலேபி நம்ம மீனு சார்!"

"எங்க வீட்டுக் கொழம்பே அதான் சார்!"

அதிகாரி, அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான் என்று விளக்கம் சொன்னார். யாரும் கேட்கவில்லை. ஒரு பெண் கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டே போய்விட்டாள். அதிகாரி தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்து, சரி, விடுங்கள் என்றார்.

எனக்கு ஜப்பான் மீன் பிழைத்ததில் சந்தோஷம் வரவேண்டும். வரவில்லை. முதல்நாள்தான் அண்ணன் மாதாமாதம் அதிகாரிகள் முன் போய் நின்று ஆள் இருக்கிறேன் என்று காட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார். அவர் மகள் மலர் இங்கேயே பிறந்தவள். அவளும் நிற்க வேண்டும். நான் கேட்டுவிட்டேன். "எத்தனை வருசம் இருந்தால் நம்ம மீன் எண்டு ஆகும்?"

சலீம் பாய்தான் சொன்னார். "வருஷமெல்லாம் இல்லம்மா. ருசியா இருக்கணும்."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயந்தரம் மலர் ஷூ கம்பெனியிலிருந்து வந்தாள். ஷூவின் மேல்தோல் தைக்கிற வேலை. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து உரிந்திருந்தது. "வாங்க அத்தை" என்றாள். எங்கள் ஊரில் அப்பாவின் தங்கச்சியை மாமி என்றுதான் கூப்பிடுவது. நான் திருத்தவில்லை. நீயும் வா, அங்கேயும் தையல் வேலை இருக்கிறது என்றேன். அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "அப்பா போனா போகட்டும். எனக்கு அது நீங்க சொல்ற ஊரு, அவ்ளோதான் அத்தை" என்றாள். பிறகு கதவுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அவரு ஒரு வாரமா சாப்பிடறதே இல்ல. போறதுக்கு பயமா, போகாம இருக்கறதுக்கு பயமான்னு எனக்குத் தெரியல."

வெள்ளிக்கிழமை வலை இல்லை. சலீம் பாய் தொழுகைக்குப் போகிற நாள். நானும் அண்ணனும் குடியாத்தம் போனோம். ஊரில் எல்லாருக்கும் கைலி கொண்டுபோக வேண்டும் என்றார் அண்ணன். நாங்கள் சாரம் என்போம். எனக்கு அவ்வளவு நிம்மதி. ஊருக்குச் சாமான் வாங்குகிற ஆள் ஊருக்கு வராமல் போவாரா? தறிச் சத்தம் தெருவெல்லாம் கேட்டது. ஒரு தறிக்காரர் வீட்டிலேயே எடுத்தோம். பெரியண்ணர் மகனுக்கு இந்தக் கட்டம், தவத்துக்கு அந்தப் பச்சை என்று அண்ணன் ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி எடுத்தார். அவர் சொன்ன மற்றப் பெயர்களில் இரண்டு பேர் செத்துப்போனவர்கள். நான் சொல்லவில்லை. எடுக்கட்டும் என்று விட்டேன்.

திரும்பி வரும் பஸ் வழியில் நின்றுவிட்டது. சக்கரத்தில் ஏதோ கோளாறு. எல்லாரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். டிரைவர் சக்கரத்தைக் காலால் உதைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கைலிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் சொன்னார்.

"அந்த மீன நான்தான் விட்டேன் யோகம்."

அவர் முன்பு ஒரு தோல் டேனரி முதலாளி வீட்டில் காவல் வேலை பார்த்தார். அந்தக் குடும்பம் வீட்டை விற்றுச் சென்னைக்குப் போனது. வரவேற்பறையில் சுவர் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி. சிவப்பு, மஞ்சள் மீனையெல்லாம் உறவுக்காரர்கள் வந்து பொறுக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அடியில் ஒட்டிக் கிடந்த இந்தக் கறுப்பு மீன்களை யாரும் கேட்கவில்லை. அந்த வீட்டு அம்மா அண்ணனைக் கூப்பிட்டு, "பரமா, இதுங்களச் சாவடிச்சிடாதே. ஏரில விட்டுடு. உசுரு பொழைச்சா உனக்கும் சவாப், எனக்கும் சவாப்" என்றாராம். சவாப் என்றால் புண்ணியம் என்று அண்ணன் எனக்கு விளக்கினார்.

"பெயின்ட் பக்கெட்டுல எடுத்துட்டுப் போனேன். ஏரி ரொம்பி அப்பத்தான் கோடி போய்ட்டிருந்துது. ஊரே கடா வெட்டிப் பூஜை போட்டு சந்தோஷமா இருக்கு. நானும் ஒரு ஓரமாப் போய் விட்டேன். வீட்டுச் சாமான் பூரா லாரில ஏறிப் போச்சு, இதுங்கள மட்டும் வேணாம்னுட்டாங்க. எனக்குப் பாவமாப் போச்சு. நானும் வள்ளத்துல வந்து எறங்கினவன்தானே?"

பாவமாகப் போனதை மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சில் திரும்பச் சொன்னார். "பாவம் எண்டுதான் விட்டனான்."

சலீம் பாய்க்குத் தெரியுமா என்று கேட்டேன். தலையாட்டினார், இல்லை என்று. இத்தனை வருடமாக அந்த மனுசன் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருக்கிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தைத்துக் கொடுத்திருக்கிறார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போய்டணும்னு பாக்குறேன். நான் விட்டத நானே எடுக்கணும்." சனிக்கிழமைக்குள் முடிந்துவிடும் என்றார். பள்ளத்தில் கொஞ்சத் தண்ணீர்தான் மிச்சம்.

சனிக்கிழமை மத்தியானம் வரைக்கும் முடிந்துவிடும் போலத்தான் இருந்தது. சேற்றில் இறங்கிக் கையாலேயே பொறுக்கினார்கள். வளை வளையாகக் கம்பி விட்டுக் கிளறி எடுத்தார்கள். நானும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினேன். முள் குத்தி உள்ளங்கை கிழிந்தது. எனக்குக் கவலை இல்லை. இந்தக் கறுப்பெல்லாம் குழிக்குப் போனால் என் அண்ணன் பிளேனுக்கு வருவார். அதற்காக நான் முழு ஏரியையும் வழிப்பேன். கடைசியில் வலையில் ஒரு விரால் வந்தது. ஒன்றே ஒன்று. அண்ணன் அதைப் பிள்ளையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்கி டிரம்மில் விட்டார். சலீம் பாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தூசு" என்றார்.

மூன்று மணிக்கு மேல் மலைப்பக்கம் இருட்டியது. கோடை மழை. எங்கள் ஊரில் கோடை மழைக்கு ஆட்கள் முற்றத்தில் இறங்கி நனைவார்கள். இங்கேயும் சந்தோஷப்பட்டார்கள், கொஞ்ச நேரம். பிறகு மேல் ஏரியிலிருந்து வரும் கால்வாயில் செந்தண்ணீர் இரைந்துகொண்டு வந்தது. மழை விட்டதும் கால்வாய் வாய்க்குப் போய்ப் பார்த்தோம். முழங்கால் தண்ணீரில், கல்லுக்குக் கல் கறுப்பாக ஒட்டிக்கொண்டு நின்றன. சிறியதும் பெரியதும். எத்தனை என்று சொல்ல முடியாது. மேல் ஏரியிலும் அது இருக்கிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அதிகாரி வண்டியில் ஏறிப் போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் என்ன செய்வார்?

அண்ணன் நனைந்த துண்டோடு சலீம் பாயின் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னார். தொட்டி, பக்கெட், கோடி போன நாள். நான் சண்டைக்குத் தயாராக நின்றேன். சலீம் பாய் கேட்டு முடித்துவிட்டுக் கால்வாயைக் காட்டினார்.

"யோவ், மேல் ஏரில யாரு விட்டான்? நீயா? ஊருல கண்ணாடித் தொட்டி வெச்சவன் பூரா விட்டிருக்கான். எங்க மாமூஜானே விட்டிருப்பாரு. போய்யா, போய் ஊருக்குக் கெளம்பற வேலயப் பாரு."

மன்னித்துவிட்டார். அவ்வளவு சுலபமாக. நான் அண்ணனின் கையைப் பிடித்தேன். "கேட்டியளே? உங்கட மீன் மட்டுமில்லை. வாங்கோ, சாமான் கட்டுவம்."

"என்னுது எது, மத்தவனுது எதுன்னு அதுங்க மேல எழுதியா இருக்கு?" என்றார் அண்ணன். பிறகு சலீம் பாயிடம், "அடுத்த கோடைல மேல் ஏரியையும் சேத்து எடுத்துப் பாக்கலாம் பாய்" என்றார்.

கரையில் நின்று நான் பேசியதை எழுத முடியாது. எழுதினால் அச்சில் போட மாட்டார்கள். மீன் ஒரு சாட்டு, உங்களுக்கு ஊருக்கு வரப் பயம் என்றேன். உங்களை ஒருநாளும் தங்கட ஆள் எண்டு எழுதாத ஊருக்கு நீங்கள் ஏன் காவல் நிற்க வேண்டும் என்றேன். நீலக் கதவு பூசி வைத்திருக்கிறேன் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினார். எல்லாம் சரிதான் என்பதுபோல. கடைசியில், "கரையில ஓட்ட இருக்கு யோகம். கீழ நூறு வீடு இருக்கு. மலர் இருக்கா" என்றார்.

நான் சேலையைப் பிழிந்துவிட்டுக் கரையிலிருந்து இறங்கி நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மலரும் அவரும் ரயிலடிக்கு வந்தார்கள். கைலிப் பொட்டலத்தை என் மடியில் வைத்தார். யார் யாருக்கு எது என்று மறுபடியும் சொன்னார். அப்போதும் அந்த இரண்டு பேர் செத்துப்போனதை நான் சொல்லவில்லை. பக்கத்து இருக்கையில் ஒரு குடும்பம் உருதுவில் பேசி அழுதுகொண்டிருந்தது. அவர்கள் என்ன சொன்னார்கள் என்று சொல்ல எனக்கு ஆள் இல்லை. இந்த முறை நான் தூங்கவில்லை. வறண்ட பாலாற்றைப் பார்த்துக்கொண்டே போனேன்.

ஊருக்கு வந்து கைலிகளைக் கொடுத்தேன். மிஞ்சிய இரண்டையும் நீலக் கதவுக்குள் கொடியில் போட்டேன். போன மாதம் காலையில் மீன் எடுக்கக் குளத்துக்குப் போனேன். வலைக்காரன் தவம், அண்ணன் தந்த பச்சைச் சாரத்தோடு குளக்கட்டில் நின்று கூப்பிட்டான். "யோகமக்கா, இது என்ன சாமான் எண்டு பாருங்கோ, வலையைக் கிழிச்சுப் போட்டுது."

கறுப்பு. ஓடு. வட்ட வாய்.

கொழும்பிலும் வீடுகளில் கண்ணாடித் தொட்டி இருக்கிறது. அங்கேயும் இரக்கக்காரர்கள் இருப்பார்கள். தவம் அதைத் திருப்பித் தண்ணீரில் போடப் போனான். நான் பிடுங்கிக் கல்லில் அடித்தேன். ஓட்டில் கல் பட்டுத் தெறித்தது. அது சாகவில்லை. மறுபடி மறுபடி அடித்தேன். பிறகு அந்த இடத்திலேயே உட்கார்ந்து அண்ணனுக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, உங்கட மீன் உங்களுக்கு முந்தி ஊருக்கு வந்திட்டுது."

திட்டுவதற்கு வாயைத் திறந்துகொண்டுதான் இருந்தேன். அண்ணன் மெல்லக் கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சில், ஒரு சொல்லும் பிசகாமல்.

"குளக்கட்டில ஓட்டை கிடக்கோ எண்டு பாத்தனியே?"

போனைக் காதில் வைத்துக்கொண்டே எழுந்து, கட்டோரமாகத் தண்ணீருக்குள் இறங்கினேன்.